"அவளுக்கு வரலை" என்று சொல்வதற்கு முன் ஒரு ஸ்கேலை எடுங்கள்

நீளமான பதிவு இது. வேலையில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு "சூப்பர் டீச்சர்" என்று போடுகிறவர்களை எனக்குத் தெரியும். முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே தூங்கியவர்கள்தான் அவர்கள்.

விஜயதசமி வருகிறது. இந்த வருஷமும் உங்களில் பத்துப் பேராவது பிள்ளைகளைக் கிட்டார் வகுப்பில் சேர்க்கப் போகிறீர்கள். புதுக் கிட்டாருக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் படம் எடுத்து இங்கே போடுவீர்கள். நானும் வாழ்த்துச் சொல்வேன். பொங்கலுக்குள் அந்தக் கிட்டார் பையோடு பரணில் ஏறிவிடும். நான் "என்னாச்சு?" என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: "அவளுக்கு வரலை டீச்சர்." இல்லையென்றால், "அவனுக்கு இன்ட்ரஸ்ட் இல்லத்தை."

அந்தப் பதிலோடுதான் இன்றைக்கு எனக்குச் சண்டை.

36 வருஷம் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தவள் நான். "வராது" என்ற சொல் ஒரு எட்டு வயதுப் பிள்ளையின் முகத்தில் என்ன செய்யும் என்று பார்த்திருக்கிறேன். கணக்கு வராது, இங்கிலீஷ் வராது, இப்போது புதிதாக இசை வராது. பிள்ளைக்குக் காது கேட்கிறது. நீங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வதும் கேட்கிறது. அப்புறம் நாற்பது வயது வரைக்கும் அந்தப் பிள்ளை "எனக்கு மியூசிக்கெல்லாம் வராதுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லும். அப்படிச் சிரிக்கிறவர்கள் இந்தப் பதிவைப் படிப்பவர்களிலேயே எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். பரணில் கிடக்கும் கிட்டார்களில் பெரும்பாலானவை பிள்ளைக்கு வராததால் அங்கே போகவில்லை. வாசிக்கவே முடியாத ஒரு பொருளைக் கையில் கொடுத்து, மாதக்கணக்கில் பாட்டையே கண்ணில் காட்டாமல் வைத்திருந்து, கடைசியில் தீர்ப்பை மட்டும் பிள்ளை தலையில் எழுதிவிடுகிறோம். கடைக்காரருக்கும் வகுப்புக்கும் பெற்றோருக்கும் அந்தத் தீர்ப்பில் ஒரு பங்கும் வருவதில்லை. இது எந்த ஊர் நியாயம்?

"டீச்சருக்குக் கிட்டாரைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. 2020 ஊரடங்கில், 61 வயதில், நான் கிட்டார் கற்கத் தொடங்கினேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுவோடு வாசிக்கிறவன். கச்சேரி எல்லாம் நின்றுபோய் வீட்டில் உட்கார்ந்திருந்தான். சும்மா காசு கொடுத்தால் வாங்க மாட்டான். அதனால் "எனக்குப் பாடம் எடு, ஃபீஸ் தர்றேன்" என்றேன். போனில் வீடியோவில் எடுத்தான். இன்றைக்கு முப்பது பாட்டுக்குப் பக்கம் வாசிப்பேன். மேடை ஏறும் அளவுக்கு இல்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலு பேர் சேர்ந்து பாடும் அளவுக்கு வரும். எனக்கு அது போதும்.

"இந்த வயசுல எதுக்குக் கிட்டாரு, ஒரு பஜனைல சேரலாம்ல" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதியவர்களுக்கு அப்போதே பதில் சொல்லிவிட்டேன். திரும்ப எழுதவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் நாத்தனார் பேத்திக்குப் பதினோரு வயது. (அவள் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) ஆன்லைனில் மூவாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு ஸ்டீல் கம்பிக் கிட்டார் வாங்கினார்கள். பக்கத்திலேயே வகுப்பு. நாலு மாதம் போனாள், அழுதாள், நிறுத்திவிட்டார்கள். போன கோடை விடுமுறையில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, "அத்தை, நீங்கதான் வாசிக்கிறீங்களே, நீங்களே எடுத்துக்கோங்க, இவளுக்கு வரலை" என்று பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தார்கள். பிள்ளை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் அந்தக் கிட்டாரில் ஒரு கம்பியை அழுத்திப் பார்த்தேன். இரண்டு வருஷம் வாசித்துக் காய்த்துப்போன என் விரலுக்கே வலித்தது. அவள் பென்சில் பெட்டியிலிருந்து ஸ்கேலை வாங்கி அளந்தேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில், தடித்த கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட். பெரும்பாலான கிட்டார்களில் இரண்டு புள்ளி வைத்திருக்கும் இடம் பன்னிரண்டாவது. கம்பியின் சரிபாதி அங்கேதான் வரும். அதனால்தான் அங்கே அழுத்தினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்கிறது. அந்த இடத்தில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியை "ஆக்‌ஷன்" என்பார்கள். ஸ்டீல் கம்பிக் கிட்டாரில் தடித்த கம்பிக்கு இரண்டரை மில்லிமீட்டர் போல இருந்தால் நல்லது. நைலான் கம்பியில் மூன்றரை, நான்கு வரை இருக்கலாம். ஐந்து என்றால், பிள்ளை ஒவ்வொரு தடவையும் ஒரு வில்லை வளைப்பது போல வளைக்க வேண்டும். அதுவும் ஒரு கம்பி இல்லை, ஒரே நேரத்தில் மூன்று கம்பி.

இந்தக் கிட்டாரை அந்த வகுப்பு மாஸ்டர் நாலு மாதம் பார்த்திருக்கிறார். ஒரு தடவையாவது வாங்கி அழுத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். "நல்லா அழுத்தும்மா, இன்னும் அழுத்தும்மா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு முனை உடைந்த பென்சிலைக் கொடுத்துவிட்டு "எழுத்து தெளிவா இல்லையே" என்று அடிக்கிற வாத்தியாரை நீங்கள் சும்மா விடுவீர்களா? இங்கே மட்டும் ஃபீஸ் கட்டிவிட்டுத் தலையாட்டுகிறோம்.

கிட்டாரை என் மாணவனிடம் கொண்டுபோனேன். அவன் செய்தவை பெரிய வித்தை ஒன்றுமில்லை. கழுத்துக்குள் ஒரு இரும்புத் தண்டு ஓடும். அதைக் கொஞ்சம் முடுக்கி, வளைந்திருந்த கழுத்தை நேராக்கினான். வயிற்றுப் பக்கம் கம்பிகள் உட்காரும் வெள்ளைத் துண்டு இருக்கிறதே, சாடில், அதைக் கழற்றி அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்தான். அங்கே இரண்டு மில்லிமீட்டர் தேய்த்தால் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் குறையும். தலைப்பக்கம் உள்ள நட்டில் பள்ளங்களைச் சின்ன அரத்தால் கொஞ்சம் ஆழமாக்கினான். பழைய கம்பியைக் கழற்றிவிட்டு மெல்லிய கம்பி போட்டான். மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே வந்தது. மொத்தம் ஒரு மணி நேரம். கம்பியின் விலையோடு சேர்த்து எழுநூறு ரூபாய்.

பிள்ளையிடம் கொடுத்தோம். ஈ மைனர் பிடித்தாள், சத்தம் தெளிவாக வந்தது. "பாட்டி, இது வேற கிட்டாரா?" என்றாள்.

நாலு மாதம் அழுத பிள்ளை. எழுநூறு ரூபாய் வேலை. யாருக்கு வரவில்லை என்று இப்போது சொல்லுங்கள்.

வாங்கும்போதே கவனித்தால் இந்தப் பாடே இல்லை. பத்து, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு நைலான் கம்பிக் கிட்டார் வாங்குங்கள், அதுவும் முக்கால் சைஸ். ஸ்டீல் கம்பிக் கிட்டாரில் ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கும் இழுவை எழுபது கிலோவுக்குப் பக்கம் வரும். நைலானில் கிட்டத்தட்ட அதில் பாதிதான். விரலுக்கு அந்த வித்தியாசம் முதல் நாளே தெரியும். நைலான் கிட்டாரின் கழுத்து அகலம் அதிகம், அதனால்தான் சின்னக் கைக்கு முக்கால் சைஸ் என்கிறேன். ஆறு, ஏழு வயது என்றால் யூகுலேலேயே போதும், நாலே கம்பி. ஒரு எச்சரிக்கை: நைலானுக்காகச் செய்த கிட்டாரில் "சத்தம் நல்லா வரும்" என்று ஸ்டீல் கம்பி மாட்டிவிடாதீர்கள். இழுவை தாங்காமல் பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வரும்.

"நைலான் எல்லாம் குழந்தைங்களுக்குங்க, ரியல் கிட்டார்னா ஸ்டீல்தான்" என்று சொல்லும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆந்த்ரே செகோவியா என்ற பெயரைச் சொல்லுங்கள். கிளாசிக்கல் கிட்டாரை உலக மேடைகளில் ஏற்றிய ஸ்பெயின்காரர். அந்தக் காலத்தில் விலங்குக் குடலில் செய்த கம்பிதான். இரண்டாம் உலகப் போரில் அது கிடைக்காமல் போனபோது, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலானில் கம்பி செய்தார். செகோவியா அதைத்தான் பிறகு வாசித்தார். அவர் வாசித்தது பொம்மைக் கிட்டாரா என்று கேளுங்கள்.

அடுத்தது சுருதி. கிட்டாரை வாங்கி, பையிலிருந்து எடுத்து, அப்படியே வாசிக்க உட்கார்வது. எத்தனை வீட்டில் பார்த்துவிட்டேன்! தடித்த கம்பியிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. போனில் இலவசமாகவே ட்யூனர் இருக்கிறது. புதுக் கம்பி முதல் சில நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும், காலையில் சேர்த்த சுருதி சாயங்காலம் இறங்கிவிடும். சுருதி சேராத கிட்டாரில் பிள்ளை சரியாகவே வாசித்தாலும் தப்பாகத்தான் கேட்கும். பிள்ளையின் காது நல்ல காதாக இருப்பதால்தான் அதற்கு வெறுத்துப்போகிறது. வெறுத்துப்போன பிள்ளையைப் பார்த்து "இசை ஞானம் இல்லை" என்கிறோம். அட, ஞானம் இருப்பதால்தானே தாங்க முடியவில்லை!

இப்போது வகுப்புக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் இது என் தொழில்.

ஒரு பிள்ளைக்கு 247 எழுத்தையும் வரிசையாகச் சொல்லிக்கொடுத்து முடித்த பிறகுதான் முதல் வார்த்தையைக் காட்டுவேன் என்று ஒரு வாத்தியார் சொன்னால் என்ன ஆகும்? பிள்ளை ஆடு மேய்க்கப் போய்விடும். நான் என் வகுப்பில் ட, ப, ம என்று தொடங்குவேன். எழுத எளிது, கோடும் வளைவும்தான். புள்ளி வைக்கத் தெரிந்தவுடன் படம், மடம், பட்டம், மட்டம். மூன்று எழுத்துக்குள் நாலு வார்த்தை! அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பிள்ளை, வழியில் கடைப் பலகையில் "ப" எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டே போகும். அதற்கப்புறம் அந்தப் பிள்ளையைப் படிக்காதே என்று சொன்னாலும் கேட்காது. 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் அட்டைகள் பள்ளிகளுக்கு வந்தபோது ஊரெல்லாம் திட்டினார்கள். எனக்கு அதில் பிடிக்காதவையும் உண்டு. ஆனால் கற்றதை அன்றைக்கே பயன்படுத்த வேண்டும் என்ற அந்த அடிப்படையில் எனக்கு மறுபேச்சே கிடையாது.

கிட்டாருக்கு ட, ப, ம உண்டு. கார்ட் என்றால் இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது. ஈ மைனருக்கு இரண்டே விரல். ஜி, சி, டி மூன்றும் தெரிந்தால் பிறந்தநாள் பாட்டு முழுதும் வாசிக்கலாம். ஒரு வீட்டில் வருஷத்துக்கு நாலு பிறந்தநாளாவது வராதா? கேக் வெட்டும்போது கைதட்டுவதற்குப் பதில் அந்தப் பிள்ளை கிட்டாரோடு நிற்கட்டும். இன்னொரு சுலபமான ஜோடியும் இருக்கிறது: ஈ, ஏ மைனர். இரண்டுக்கும் கையின் வடிவம் ஒன்றே. அப்படியே ஒரு கம்பி கீழே தள்ளினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். இந்த இரண்டை வைத்தே முணுமுணுக்க எத்தனையோ தாலாட்டு மெட்டு உண்டு. மூன்றாவதாக டி மைனரைச் சேர்த்துக்கொண்டால் சோகப்பாட்டுக்காரர்களுக்கு வேறொன்றும் வேண்டாம். பாடுகிறவரின் கட்டைக்கு ஒத்துவரவில்லையா, கழுத்தில் கேப்போ என்ற கிளிப்பை மாட்டுங்கள். விரலின் வடிவம் மாறாது, சுருதி மட்டும் மேலே போகும்.

எங்கள் பக்கத்தில் கிட்டார் வாசிக்கிறவர்களில் நிறையப் பேர் தேவாலயப் பாடகர் குழுவில் கற்றவர்கள். என் மாணவனும் அப்படித்தான். ஒரு அண்ணன் மூன்று கார்ட் காட்டுவார். அடுத்த ஞாயிறே ஆராதனையில் பின்வரிசையில் நிற்க வேண்டும். தப்பு வந்தால் பாட்டுச் சத்தத்தில் அமுங்கிவிடும். பாட்டு நிற்காது, அதனால் இவனும் நிறுத்த முடியாது. அப்படியே கற்றுக்கொண்டான். ஃபீஸ் இல்லை, சான்றிதழ் இல்லை. முப்பது வருஷமாக அந்தக் கையை நம்பித்தான் அவன் குடும்பம் சாப்பிடுகிறது.

நம் நகரத்து வகுப்புகளில் என்ன நடக்கிறது? முதல் இரண்டு மாதம் ஒன்று இரண்டு மூன்று நாலு என்று விரல் பயிற்சி. அப்புறம் ஐந்து கோட்டில் புள்ளி வைத்த இசைக்குறிப்பு. அப்புறம் லண்டனிலிருந்து வரும் கிரேடு தேர்வு. தேர்வுக்கென்று மூன்று பாடம், எட்டு மாதம் அதையே தேய்க்க வேண்டியது. நான் ஒரு வீட்டில் கண்ணால் பார்த்தேன். இரண்டாம் கிரேடு சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கிறது. தம்பிக்குப் பிறந்தநாள். "வாசிடா" என்றால் அந்தப் பையன் தாளைத் தேடுகிறான். தேர்வுப் பாடத்தைத் தவிர ஒன்றும் வாசித்ததில்லையாம். அந்தத் தேர்வின் மேல் எனக்குக் குறை இல்லை, வாசிக்கத் தெரிந்த பிள்ளையின் தரத்தை அது அளந்து சொல்லும், சொல்லட்டுமே. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குச் செய்வதையெல்லாம் கிட்டாருக்கும் செய்யத் தொடங்கிவிட்டீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

இதை எழுதினால் உடனே ஒரு பதில் வரும் என்று தெரியும். என் சின்ன மாமனார் வீட்டுப் பக்கம் சங்கீதக்காரர்கள் இருக்கிறார்கள். "கர்நாடக சங்கீதத்துல சரளி வரிசை, ஜண்டை வரிசை எல்லாம் முடிச்சாத்தானே கீதம்? அடிப்படை வேண்டாமா?" என்பார்கள். வேண்டும். ஆனால் சரளி வரிசையை உங்கள் குரு எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். அவர் பாடுவார், நீங்கள் கூடவே பாடுவீர்கள், தம்பூரா ஓடும், கை தாளம் போடும். மாயாமாளவகௌளை முதல் நாளே காதில் இறங்கிவிடும். அதுவே பாட்டுதான். விரலை மட்டும் ஏணி ஏற விட்டு, சுருதியும் இல்லாமல் தாளமும் இல்லாமல், வாத்தியார் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பயிற்சியை அதோடு ஒப்பிடாதீர்கள். கேள்வி ஞானம் என்ற சொல்லையே நமக்குக் கொடுத்த மரபு அது.

இசைக்குறிப்பு வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. இளையராஜா கிட்டார் கலைஞராக மற்ற இசையமைப்பாளர்களிடம் வாசித்தவர், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர். அவர் எழுதும் இசைக்குறிப்பைப் பார்த்துத்தான் இத்தனை கலைஞர்கள் வாசித்தார்கள். அது எழுத்தறிவு. பேச்சு வந்த பிள்ளைக்கு எழுத்து. பேச்சே வராத பிள்ளைக்கு இலக்கணம் நடத்துவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

"கிட்டாரெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, வீணை கத்துக்கலாமே" என்றொரு கட்சியும் நம் குடும்பத்தில் உண்டு. வீணை நன்றாகக் கற்கட்டும். ஆனால் வயலின் எங்கிருந்து வந்தது சித்தப்பா? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடமிருந்து அதைக் கற்றுவந்து நம் சங்கீதத்தில் உட்கார வைத்தார். இன்றைக்கு வயலின் இல்லாத கச்சேரி மேடையைக் காட்டுங்கள். அதற்கு மேல் இந்தக் கட்சிக்குப் பதில் சொல்ல நேரமில்லை.

அப்புறம் அந்த விரல் பேச்சு. "இவளுக்கு விரல் குட்டை", "இவனுக்கு விரல் தடிமன்". இதைப் பிள்ளை எதிரிலேயே சொன்ன ஒரு மாஸ்டரை எனக்குத் தெரியும். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்று ஒரு கிட்டார் மேதை. 1928இல், பதினெட்டு வயதில், அவர் வசித்த வண்டி வீடு தீப்பிடித்து இடது கையில் இரண்டு விரல் முடங்கிப்போனது. மிச்சம் இருந்த இரண்டு விரலை வைத்தே ஐரோப்பிய ஜாஸ் இசையின் போக்கை மாற்றினார். இங்கிலாந்தின் பர்மிங்காமில் டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையன் தகரத் தொழிற்சாலை இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தான். அவன் இடக்கைக்காரன், கம்பியை அழுத்துவது அந்தக் கைதான். மனம் உடைந்து கிடந்தவனிடம் தொழிற்சாலை மேலாளர் ஒருவர் ஜாங்கோவின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். அந்தப் பையன் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டான். கிட்டார் கம்பி கனமாக இருந்ததால் பாஞ்சோவுக்கான மெல்லிய கம்பியை வாங்கி மாட்டினான். பிளாக் சாபத் என்ற குழுவின் சத்தம் அங்கிருந்துதான் வந்தது. உங்களில் தலைமுடி வளர்த்துத் திரிந்த சிலருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

அயோமி என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். கைக்கு ஏற்றபடி கிட்டாரை மாற்றினார். நம் மாஸ்டர்களும் நாமும் கிட்டாருக்கு ஏற்ற கை இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறோம்.

வலி இருக்கும். அதை மறைக்கக் கூடாது. நல்ல கிட்டாரிலும் முதல் மூன்று நாலு வாரம் இடது கை விரல் நுனி எரியும். பிறகு தோல் காய்த்துவிடும். அதுவரை ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்து மற்ற ஆறு நாள் தொடாமல் விட்டால் வலி மட்டும்தான் மிஞ்சும், தோலும் காய்க்காது, கையும் பழகாது. விரலை ஃப்ரெட்டை ஒட்டி, அதற்குக் கொஞ்சம் பின்னால் வைத்தால் பாதி பலம் போதும். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் வைத்தால் கம்பி கிர்ரென்று இரையும், பிள்ளை இன்னும் அழுத்தும், இன்னும் வலிக்கும். கார்ட் மாற்றும்போது இடது கை தாமதமாகலாம், வலது கை நிற்கக் கூடாது. நான் செல்போனில் ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டு, ஜியிலிருந்து சிக்கு எத்தனை தடவை மாறுகிறேன் என்று எண்ணுவேன். முதல் நாள் ஏழு. மூன்றாவது வாரம் இருபத்தெட்டு. வீட்டு வாசற்கதவில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தேன், பால்காரருக்குக் கூட என் மதிப்பெண் தெரியும்.

எஃப் கார்ட் பக்கம் முதல் ஆறு மாதம் போகாதீர்கள். ஒரே விரலால் ஆறு கம்பியையும் அழுத்த வேண்டும். பாதிப் பேர் அங்கேதான் நிறுத்துகிறார்கள். அது இல்லாமல் எத்தனையோ பாட்டு இருக்கிறது. கேப்போவும் இருக்கிறது.

சின்னதாக இன்னொன்று, எங்கள் வீட்டில் அனுபவத்தில் கண்டது. கிட்டாரைப் பைக்குள் வைத்து ஜிப் போட்டு பீரோ பின்னால் நிறுத்தினால் யாரும் எடுக்க மாட்டார்கள். கூடத்தில் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கொக்கி அடித்து மாட்டுங்கள். விளம்பர இடைவேளையில் பிள்ளை தானாக எடுக்கும். மாடி அறைப் பரண் வேண்டவே வேண்டாம். சித்திரை வெயிலில் கான்கிரீட்டுக்குக் கீழே கிடந்தால் பசை இளகும், கழுத்து வளையும்.

ஆகவே பெற்றோர்களான என் மாணவர்களே, இந்த விஜயதசமிக்குச் சேர்க்கும் முன் மாஸ்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "சார், முதல் மாசத்துல பிள்ளை எந்தப் பாட்டு வாசிப்பான்?" என்று கேளுங்கள். "அதெல்லாம் ஆறு மாசம் கழிச்சுத்தான்" என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். "கிட்டாரைக் கொஞ்சம் வாசிச்சுப் பார்த்துச் சொல்லுங்க, பிள்ளை கைக்கு ஒத்துவருமா?" என்று கேளுங்கள். வாங்கிப் பார்க்கிறவர் நல்ல மாஸ்டர். அவருக்கு ஃபீஸ் கூடவே கொடுக்கலாம். அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், குறைந்த வருமானத்தில் கஷ்டப்படுகிறார்கள், அவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

ஏற்கெனவே பரணில் ஏற்றியவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை அதை இறக்குங்கள். தூசி தட்டிவிட்டுப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஸ்கேல் வைத்து அளந்து, எத்தனை மில்லிமீட்டர் என்று கீழே கமெண்டில் எழுதுங்கள். ஸ்கேலின் விளிம்புக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டிருக்கும், அதையும் சேர்த்து அளக்க வேண்டும் என்று மூன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கம்பி துருப்பிடித்திருந்தால் அளக்கும் முன்பே மாற்றிவிடுங்கள். நாலுக்கு மேல் இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், என் மாணவனின் நம்பர் தருகிறேன். திண்டுக்கல் சுற்றுவட்டாரம் என்றால் அவனே வந்து சரிசெய்து தருவான், காசு கேட்காவிட்டாலும் கொடுத்துவிடுங்கள். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை மட்டும் எனக்குப் போன் செய்ய வேண்டாம், தூங்கிக்கொண்டிருப்பேன்.